மலைநாட்டு அப்பாக்களுக்குப் பாசம் காட்டத் தெரியாதா? (விவாத இழை)

தொடக்கக் கேள்வி: குன்னூர் வாசகர், 6 ஜனவரி 2024

"எஸ்டேட், ஃபேக்டரி என்று மலையில் உழைத்த தலைமுறை அப்பாக்களுக்குப் பிள்ளைகளிடம் பேசவே தெரியாது. சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் நன்றி, உருக்கம் என்பதெல்லாம் பிற்பாடு நாமாகச் சேர்த்துக்கொள்வது. யாராவது மறுக்க முடியுமா?"

6 ஜனவரி, இரவு

நான் மறுக்கிறேன்.

என் அப்பா கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இலை வாட்டும் மாடியில் கூலியாளாகச் சேர்ந்து, இலை நசுக்கும் ரோலர், உலர்த்தும் டிரையர் என்று ஒவ்வொன்றாகக் கற்று, தூள் தயாரிப்பைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் டீ மேக்கர் ஆனவர். நன்றாகப் பேசுவார். அதைவிட நன்றாகக் கேட்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து "நீ என்ன நினைக்கிற பாப்பா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை சும்மா நின்றுகொண்டிருப்பார். சோற்றுக்கும் படிப்புக்கும் நன்றி உண்டு. ஆனால் என் பதிலுக்காக அவர் அப்படி நின்றதற்குத்தான் முதல் நன்றி.

நாளைக்கு விவரமாக எழுதுகிறேன். திருத்த வேண்டிய தாள்கள் கிடக்கின்றன.

7 ஜனவரி

ஃபேக்டரிக்குக் கீழேதான் எங்கள் லைன் வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. சாயங்காலம் வந்து சேரும் பச்சை இலையை மேல்மாடியில் நீளமான தொட்டிகளில் பரப்புவார்கள். அடியிலிருந்து ஃபேன் காற்று அடிக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இலை வாடும். அப்பா நடு ராத்திரி எழுந்து போய் ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். கையைத் திறந்ததும் இலை விறைத்துப் பிரிந்தால் இன்னும் வாட வேண்டும். உருண்டையாகவே நின்றால், காம்பு ஒடியாமல் வளைந்தால், சரி, மிஷின் ஓட்டலாம். அப்புறம் விடிய விடிய அரைப்பு.

லீவு நாளில் காலையில் அவருக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டு போவது என் வேலை. ஃபெர்மெண்டிங் அறை வாசலில் நிற்பேன். உள்ளே அரைத்த இலை, பச்சைக் குழைவாக, சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்பியிருக்கும். அந்த அறையில் எப்போதும் ஈரக்காற்று. பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு வரும். அப்பா ஒரு கை அள்ளி என் மூக்குக்கிட்டே நீட்டுவார்.

"என்ன வாசம் வருது?"

"புல்லு வாசம்பா."

"சரி. சாப்பிட்டுட்டு வர்றேன், மறுபடி பாரு."

ரொட்டியைத் தின்று முடித்து, வெறுந்தேத்தண்ணியும் குடித்துவிட்டு, மறுபடி அள்ளுவார். இப்போது பச்சை வாடை போயிருக்கும். பழ வாசம் மாதிரி ஒன்று வரும். "ஆப்பிள்" என்று ஒரு நாள் சொன்னேன். ஆப்பிளை அதுவரை இரண்டு மூன்று தடவைதான் தின்றிருப்பேன். அப்பா உடனே தன் மூக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக. பிறகு டிரையர் ஆளைக் கூப்பிட்டு, "பாப்பா ஆப்பிள்னு சொல்லுது, எடுத்துரலாம்" என்றார்.

அவருக்கு என் மூக்கு தேவையே இல்லை. அந்த வட்டாரத்தில் அவர் மூக்குக்கு மதிப்பு இருந்தது. இருந்தாலும் அந்தக் காலை முழுக்க நான் ஃபேக்டரியை ஓட்டினவள்.

7 ஜனவரி, சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அது வெறும் செல்லம்தானே? குழந்தையைச் சந்தோஷப்படுத்த எல்லாரும் செய்வதுதானே?"

இல்லை. நான் தப்பாகச் சொன்ன நாட்களும் உண்டு. "இன்னும் புல்லு வாசம்" என்பேன். "எனக்குப் போயிருச்சு போலத் தோணுது. நீ இன்னொரு தடவை பாரு" என்பார். இரண்டாவது தடவையும் நான் அதையே சொன்னால், "சரி, உனக்கு அப்படி. எனக்கு இப்படி. நேரமாச்சு, நான் எடுக்கப் போறேன்" என்று எடுத்துவிடுவார். என் பதிலைக் கேட்பார், ஆனால் சரக்கைக் கெடுக்க விடமாட்டார். சீக்கிரம் எடுத்தால் டீ பச்சையாகக் கடுக்கும். விட்டுப் பிடித்தால் நிறம் கறுத்து, குடிக்கும்போது உயிரில்லாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் எனக்கு ஒரு கேள்வி ஒதுக்கினார்.

8 ஜனவரி

நடுவில் ஒரு திருத்தம். மேலே ஒரு நண்பர், டஸ்ட் டீ என்றால் ஃபேக்டரித் தரையில் கூட்டி அள்ளிய தூசி என்று எழுதியிருக்கிறார். இது நிறையப் பேர் நம்புவது. அப்பா காதில் விழுந்தால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார், அதனால் அவர் சார்பில் நானே எழுதுகிறேன்.

காய்ந்த தூளைச் சல்லடைகளில் போட்டு அளவு பிரிப்பார்கள். பெரிய குருணை மேலே நிற்கும், பொடிசு கீழே இறங்கும். அந்தப் பொடிசுக்குத்தான் டஸ்ட் என்று பேர். அதிலேயே எஸ்.ஆர்.டி., ஆர்.டி. என்று தரங்கள். தமிழ்நாட்டு டீக்கடையில் வடிகட்டிப் பையில் போடுவது பெரும்பாலும் இந்த ரகம்தான். சட்டென்று சாறு இறங்கும், பாலுக்கு நிறம் தாங்கும். கீழே கொட்டியது, நார், காம்பு இதெல்லாம் கழிவு. அது தனிக் கணக்கு, டீ என்று விற்கக் கூடாது.

சுமார் நாலரை கிலோ பச்சை இலை போனால் ஒரு கிலோ தூள் வரும். என் அம்மா போன்றவர்கள் கொழுந்து பறித்த அந்த நாலரை கிலோவை நினைத்துக்கொண்டு இனிமேல் தூசி என்று சொல்லாதீர்கள்.

10 ஜனவரி

"அம்மா எங்கே?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். அம்மா இருக்கிறார். கொழுந்து பறித்தவர், எல்லாக் கூலியும் அவர் கையில்தான் வந்து சேரும், வீட்டின் கணக்கு அவர்தான். அம்மாவைப் பற்றி எழுத இந்த இழை போதாது. தனியாக எழுதுவேன்.

15 ஜனவரி, பொங்கல், கோத்தகிரி

ஊருக்கு வந்திருக்கிறேன். ராத்திரி நல்ல குளிர். பொங்கல் பானை பொங்கினதும் அப்பா செய்த முதல் காரியம், என் பையனைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் பொங்கல் எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்டது. அவனுக்கு ஒன்பது வயது. "வெல்லம் கம்மி தாத்தா" என்றான். அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, "ஆமா, கம்மிதான்" என்றார். வெல்லம் கூடியது. அம்மாவுக்குக் கோபம் சாயங்காலம் வரை இருந்தது.

இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். டஸ்ட் டீ பகுதி வந்ததும் தலையாட்டினார். ஆப்பிள் பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

16 ஜனவரி, கோத்தகிரி

நேற்று ராத்திரி கேட்டேன்: "ஏம்பா, எல்லாத்துக்கும் எங்களைக் கேட்டீங்க? லைனில் வேறு யார் வீட்டிலும் பிள்ளைகளைக் கேட்டதில்லையே?"

பதில் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டார். சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். முன்கதை தெரியாதவர்களுக்கு: அப்பா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தாவின் தாத்தா காலத்தில் இங்கிருந்து போன குடும்பம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பா தன் பெற்றோரோடு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினபோது இருபதைத் தாண்டிய வாலிபன். முதலில், வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம். அப்புறம் நீலகிரி.

அப்பா சொன்னது: "எங்களை யாரு கேட்டா? ரெண்டு கவர்மெண்ட் உக்காந்து பேசி, ஒனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவுன்னு ஆளைப் பிரிச்சாங்க. தோட்டத்துல தொரை கேக்க மாட்டாரு, கங்காணி கேக்க மாட்டாரு. எங்க அப்பாவும் என்னைக் கேக்கல. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அவரை யாருமே கேட்டதில்ல. கப்பல்ல வரும்போது நான் நெனச்சேன், எனக்குப் புள்ளை பொறந்தா ஒரு வார்த்தை கேட்டுத்தான் செய்யணும்னு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு நாற்பது வயதாகிறது. கப்பலில் வரும்போதே அவர் என்னை நினைத்திருக்கிறார் என்று நேற்றுத்தான் தெரியும்.

21 ஜனவரி, கோவை

திரும்பி வந்தாயிற்று. நேற்றிலிருந்து ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. போனில் அப்பாவிடம் கேட்டேன், "எழுது, ஃபேக்டரி பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

2000-ஐ ஒட்டிய வருஷங்கள் நீலகிரிக்குக் கெட்ட காலம். பச்சை இலை விலை சரிந்துபோனது. ஒன்று, இரண்டு ஏக்கர் வைத்திருந்த படுகர் குடும்பங்களெல்லாம் தெருவில் இறங்கிப் போராடின. பறிக்கிற கூலிகூடக் கட்டவில்லை என்று இலையை அப்படியே செடியில் விட்டவர்கள் உண்டு. ஃபேக்டரிகள் வாரத்தில் சில நாள்தான் ஓடின. குன்னூர் டீ ஏலத்தில் சரக்கு போக வேண்டும், விலை வர வேண்டும். அந்த நெருக்கடியில் சில இடங்களில் தூளுக்குச் சாயம் ஏற்றினார்கள். அப்பா வேலை பார்த்த இடத்திலும் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கலர் போட்டுக்கொடு" என்றார்கள். அவர் முடியாது என்றார். யோசித்துச் சொல், இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியல் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொன்னார். அப்பாயி, அம்மா, அண்ணன், நான். நடந்ததைச் சொன்னார். "வேலையை விடணும்னு எனக்குத் தோணுது. விட்டா அடுத்தது எப்ப கிடைக்கும்னு தெரியாது. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

அண்ணன், தான் லாரிக்குப் போவதாகச் சொன்னான். அம்மா, "அந்தச் சாயத்தை நம்ம புள்ளைங்களும்தான் குடிக்கும்" என்றார். அப்பாயி காதிலிருந்த கம்மலைக் கழற்றி அப்பா முன்னால் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான், காலேஜ் வேண்டாம், கொழுந்துக்குப் போகிறேன் என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உன் பதிலைக் கேட்டுக்கிட்டேன். இப்ப என் பதிலைக் கேளு. நான் வேலையை விடறதுக்கு நீ படிப்பை விடணும்னா, நான் விட்டதுக்கு அர்த்தமே இல்ல. நீ போற."

மறுநாள் வேலையை விட்டார். கம்மல் அடகுக்குப் போனது. சில மாதம் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கவ்வாத்து வெட்டப் போனார், விறகு ஏற்றப் போனார். டீ மேக்கராக இருந்தவர் கவ்வாத்துக் கத்தியோடு போவதை லைனில் பார்த்தவர்கள் பேசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை என்று நான் எழுத மாட்டேன். வாங்கினார். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். காலையில் எழுந்து போவார். கொஞ்ச காலம் கழித்து வேறொரு ஃபேக்டரியில் டீ மேக்கர் வேலை கிடைத்தது. கம்மலை மீட்டுக்கொடுத்த அன்று அப்பாயிக்குத் தானே மாட்டிவிட்டார்.

நான் படித்தேன். இன்றைக்கு வேதியியல் ஆசிரியை.

22 ஜனவரி

சாயம் கலந்த தூளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டவருக்கு. அப்பா செய்யும் முறை ரொம்ப எளிது. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர், குளிர்ந்தது, ஊற்றி மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். கலக்காதீர்கள். போட்ட உடனே சிவப்போ ஆரஞ்சோ கோடு கோடாக இறங்கினால் சந்தேகப்படலாம். நல்ல தூள் குளிர்ந்த தண்ணீரில் அவசரப்படாது, மெதுவாகத்தான் நிறம் விடும். ஈரமான வெள்ளை உறிஞ்சு தாளில் தூளைப் பரப்பிவைத்து, தட்டிவிட்டுப் பார்த்தாலும் கறை காட்டிக்கொடுக்கும்.

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைச் செய்து காட்டுகிறேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் மிஸ் என்று கேட்பார்கள். எங்கப்பா என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

4 பிப்ரவரி

வேலை அதிகம், எழுத முடியவில்லை. இன்று ஹாஸ்டல் பெட்டியைக் கிளறினதில் அப்பாவின் பழைய இன்லண்டு லெட்டர்கள் கிடைத்தன. தோட்டப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்து பெரிசு பெரிசாக, வரி சரிந்து போகும். நாலு வரி செய்தி. மழை, இலை வரத்து, அப்பாயி மூட்டு வலி. கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி. "இந்த வாரம் என்ன படித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி எழுது."

நான் எழுதியே ஆக வேண்டும். கல்லூரியில் எந்தத் தேர்வும் எனக்கு அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. இரண்டாம் வருஷம் நொதிகள் பாடம் வந்தபோது பக்கம் நிறைய எழுதினேன். இலை நசுங்கும்போது உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் பாலிஃபீனாலும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது, தியாஃபிளேவின் உண்டாகி டீக்குத் துடிப்பும் பளபளப்பும் தருகிறது, தியாருபிஜின் உண்டாகி நிறமும் கனமும் தருகிறது, டிரையர் சூட்டில் நொதி செத்து எல்லாம் நின்றுவிடுகிறது. ஃபெர்மெண்டிங் என்று சொல்கிறோமே தவிர, மாவு புளிப்பதில் வேலை செய்கிற கிருமிகள் இதில் இல்லை.

பதில் வந்தது: "அப்போ காற்றுதான் வேலை செய்கிறது. அதனால்தான் மெல்லிசாகப் பரப்பினால் நன்றாக வருகிறது. குளிர் நாளில் ஏன் நேரம் கூட வேண்டியிருக்கிறது? அதையும் கேட்டு எழுது."

பேராசிரியரிடம் கேட்டேன். சூடு குறைந்தால் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று விளக்கிவிட்டு, "யார் கேட்டது?" என்றார். "அப்பா, டீ மேக்கர்" என்றேன். அடுத்த வகுப்பில் அவர் அந்தக் கேள்வியை எல்லாருக்கும் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினார். அந்த வகுப்பில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

4 பிப்ரவரி, இரவு

இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2009 நவம்பர் மழை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மலை முழுக்க மண்சரிவு, உயிர்ச்சேதம், மேட்டுப்பாளையம் சாலைகள் அறுந்தன. நான் இங்கே கோவையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா, நீ ரொம்ப பயந்துட்டியா?" மலை சரிவது அவர் வீட்டுப் பக்கம். பயம் எனக்கா என்று கேட்கிறார். ஆமாம்பா என்று அழுதுவிட்டேன். "அழு. நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். பேசவே தெரியாத தலைமுறை என்று எழுதிய நண்பர் இதைப் படிக்க வேண்டும்.

11 பிப்ரவரி

சிரிக்க ஒன்று. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், பிறகு நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ என்ன நினைக்கிற?" வழக்கமான கேள்வி. நான், நீங்க முதலில் சொல்லுங்க என்றேன். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பையன் நல்லவனாத் தெரியுறான். நீ பேசும்போது குறுக்க பேசல. ஆனா அவங்க வீட்டுல டீயை ரொம்பக் கொதிக்க வுட்டுட்டாங்க. அது உன் முடிவைக் கெடுக்க வேணாம்."

கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரருக்கு டீ போடக் கற்றுக்கொடுத்தது அப்பாதான். இன்றுவரை காலை டீ எங்கள் வீட்டில் அவர் போடுவது.

25 பிப்ரவரி

தொடக்கக் கேள்வி கேட்ட குன்னூர் நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார், வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார், வாயைத் திறந்தாலே சிக்கனம் பற்றித்தான், என்கிறார்.

இதைப் படித்ததிலிருந்து வேறு மாதிரி யோசிக்கிறேன். என் அப்பாவின் வேலை வாசமுள்ள வேலை. ஒரு கை அள்ளி மகள் மூக்குக்கு நீட்ட முடிந்தது. கார்டைட் என்கிற வெடிமருந்து செய்கிற இடத்து வாசலில் எந்தப் பிள்ளை ரொட்டியோடு போய் நிற்க முடியும்? தன் நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள் கொண்டுவர வழியில்லாதவர், வேறு எதைப் பேசுவார்? ஒரு சின்னப் பொறி போதும் என்ற இடத்தில் நாளெல்லாம் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு வருகிறவர், வீட்டிலும் ஜாக்கிரதையையே பேசியிருக்கலாம். அந்தச் சிக்கனப் பேச்சும் பிள்ளைகளை நினைத்து வந்ததாக எனக்குப் படுகிறது.

அதனால் என் முதல் பதிலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அப்பாவைப் பற்றி நான் சொன்ன எதையும் மாற்றவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த வாசல் எல்லா அப்பாவுக்கும் கிடைக்கவில்லை. நண்பரே, உங்கள் அப்பா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகிவிட்டது. இப்போது நீங்கள் கேட்டுப் பார்க்கலாமே? எந்த மிஷின், எந்த ஷிஃப்ட், பக்கத்தில் நின்றவர் யார் என்று.

10 மார்ச்

அப்பா கோவைக்கு வந்திருக்கிறார். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாளாகக் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று உட்கார வைத்திருப்பதால் வீட்டிலிருக்கும் எல்லாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டரிடமே கேட்டார்: "உள்ள வெச்ச லென்ஸு எத்தனை வருஷம் தாங்கும்? நீங்க உங்க அப்பாவுக்கும் இதைத்தான் வெப்பீங்களா?" டாக்டர் சிரித்துக்கொண்டே, என் அப்பாவுக்கு வைத்தது இதேதான் என்றார்.

இழை முழுவதையும் மறுபடி வாசித்துக் காட்டினேன். குன்னூர் நண்பரின் அப்பா பகுதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நண்பர் நேற்றுப் போட்டிருக்கிற பதிலையும் வாசித்தேன், அவர் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினார் என்று. அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "அவரு சுகர் இல்லாம டீ குடிப்பாரா, கேளு. நம்ம தோட்டத்துத் தூள் அனுப்பலாம்" என்றார். நண்பரே, முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு குறை சொன்னார். "எல்லாம் என்னைப் பத்தியே எழுதியிருக்க. டீயை நான் ஒருத்தனா போட்டேன்?" ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். டிரையர் அடுப்புக்கு விறகு போட்ட அண்ணன், சூட்டைக் கையை நீட்டியே சொல்லிவிடுவார், முழங்கை வரை ரோமம் கருகியிருக்கும். சல்லடைப் பக்கம் நார் பொறுக்கிய அக்காக்கள், சாயங்காலம் புருவம் வரை பழுப்புத் தூள் படிந்திருக்கும். பல்லுப் போன ரோலரைத் தீட்டுகிற ஃபிட்டர். ராத்திரி லாரியில் இலைச் சாக்கு இறக்கியவர்கள், நவம்பர் மழையில் நனைந்த இலை காய்ந்த இலையைவிட எவ்வளவு கனம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அவர்களில் யாருக்காவது பிள்ளைகள் இதைப் படித்தால், உங்கள் அப்பா அம்மாவைப் பற்றி என் அப்பாவிடம் நிறைய இருக்கிறது. எழுதுங்கள், நான் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கடைசியாக "வேற ஏதாவது சேக்கணுமாப்பா?" என்றேன். "உனக்கு என்ன தோணுது?" என்றார். நன்றிப்பா என்று எழுதத் தோன்றுகிறது என்றேன்.

"எழுதேன். அதுக்கு எதுக்கு என்னைக் கேக்குற?"

எழுதிவிட்டேன். நன்றிப்பா.